பதினோரடி வீடு

என் வீட்டின் அகலம் 11 அடி, நீளம் 74. தெருவாசலில் நின்றால் நடை, பட்டாசாலை, முற்றம், அடுப்படி என்று புறவாசல் வரை நேராகத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் வீதிகளை ஒட்டிய தெருக்களில் இப்படி ரயில்பெட்டி வீடுகள் நிறைய உண்டு.

தாத்தாவின் அப்பா கட்டும்போது இது 33 அடி. அவருக்கு மூன்று மகன்கள். நெடுக்காக இரண்டு சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். நான்கு மகள்களும் இருந்தார்கள். அவர்களுக்கு எத்தனை அடி என்று நான் கேட்டதே இல்லை. முனைவர் பட்டம் வாங்கி, கவிதைத் தொகுப்பு போட்டு, வகுப்பில் பெண்ணியம் நடத்தியும் கேட்டதில்லை. போன வருடம் கொத்தனார் டேப்பைப் பிடித்து, "பதினோரடிதான் டீச்சர்" என்றபோதுதான் அந்தக் கணக்கு உறைத்தது.

மணமாகி இருபத்தொரு வருடம் ராஜபாளையத்தில் மாமனார் வீட்டில் இருந்தேன். பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனாலும் பிறந்த தெருவுக்கு ஏங்கிக்கொண்டே இருந்தேன். பால்கோவாக் கடை வாணலியில் பால் சுண்டும் வாசம், ஆடிப்பூரத்துக்கு முந்தைய நாள் தேர்வடம் இழுத்துப் பார்க்கும் சிறுபிள்ளைகள், எந்த மாடியில் ஏறினாலும் எதிரே நிற்கும் பதினோரு நிலைக் கோபுரம். விருந்தாளியாக வந்து பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடுவேன்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு, பெங்களூரில் இருக்கும் தம்பி வீட்டை விற்க நினைத்தான். விடுதலைப் பத்திரம் எழுதி அனுப்பினான். "எல்லா அக்கா தங்கச்சியும் போடுற கையெழுத்துதான்க்கா" என்றான். நான் உடனே மறுக்கவில்லை. மூன்று மாதம் அந்தக் காகிதம் என் கைப்பையிலேயே கிடந்தது. பங்கு கேட்டவள் என்று பெயர் வந்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயம். கடைசியில், "என் பாதி எனக்கு இருக்கட்டும், உன் பாதிக்கு விலை சொல்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒனக்குத்தான் அங்க வீடு இருக்கே?" என்றான். அங்கே இருப்பது மாமனார் பெயரில் உள்ள வீடு. மனைவியை 'இல்லாள்' என்று சொல்லும் மொழியில், ஒன்றும் இல்லாதவளும் 'இல்லாள்'தான். இலக்கண வகுப்பில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டின் கடைசியில், அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. அத்தையின் அறை. தாத்தா உயில் எழுதாமல் இறந்து நான்கு வருடம் கழித்து, 1974-இல், புருஷனை இழந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். சாகும்வரை அங்கேதான் இருந்தாள். விடிவதற்குள் எழுந்து தண்ணீர் இறைப்பாள். "அண்ணன் தயவுல கெடக்கேன்" என்பாள்.

தயவு இல்லை அது. பத்திர வேலையின்போது வழக்கறிஞரான தோழி விளக்கினாள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அத்தைக்கும் பங்கு இருந்தது. ஆனால் அதன் 23-ஆம் பிரிவு, குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பிரிக்கச் சொல்லிக் கேட்கக்கூடாது என்றது. தங்கிக்கொள்ளலாம், அதுவும் மகள் மணமாகாதவளாக, விதவையாக, கைவிடப்பட்டவளாக, பிரிந்து வந்தவளாக இருந்தால் மட்டும். வாழ்க்கை உடைந்தால்தான் தகப்பன் வீட்டில் அவளுக்கு இடம். 2005-இல்தான் அந்தப் பிரிவை நீக்கினார்கள்.

1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற தமிழ்நாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 25-இல். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அதற்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களுக்கு அந்தச் சட்டத்திலும் இடமில்லை.

எங்கள் ஊரின் பெயர்பெற்ற மகள் ஆண்டாள். பெரியாழ்வார் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில்தான் நாச்சியார் கோயில் இருக்கிறது என்பது ஊர் வழக்கு. தகப்பன் வீடு மகளுக்கு வந்திருக்கிறது, அவள் தெய்வமான பிறகு.

நான் உடைந்து போய் வரவில்லை என்பதைத் தெரு நம்ப நாளாயிற்று. "மாப்பிள்ளையோட எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டார்கள். அவரும் மகளும் சாமான்களோடு வந்து இறங்கியதும் பேச்சு 'வீட்டோட மாப்பிள்ளை' என்று மாறியது. இருபத்தொரு வருடம் நான் வீட்டோடு மருமகளாக இருந்ததற்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இல்லை.

கொத்தனார் நல்ல வேலைக்காரர். ஆனாலும் எதைச் சொன்னாலும், "சார் எப்ப வருவாக? கேட்டுட்டுச் செய்வோம்" என்பார். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் மேலிருந்துதான் வரவேண்டும். அப்பா தகரம் போட்டு மூடியிருந்த முற்றத்தைத் திறந்தேன். அத்தை அறையின் கொல்லைப்புறச் சுவரை இடித்து ஜன்னல் வைத்தேன். பழைய சுண்ணாம்புக் காரையையெல்லாம் சுமந்து கொட்டியவர்கள் இரண்டு சித்தாள்கள். ஆண்பிள்ளை சித்தாளாக வந்து கொத்தனார் ஆகிவிடுகிறான். பெண் தலை நரைத்தும் சித்தாள்தான், கூலியும் அப்படியே. மூத்தவள் சொன்னாள், "பூச்சுப் பதமெல்லாம் தெரியும் டீச்சர். கரணையத்தான் கையில குடுக்க மாட்டாக." ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரை அவள் பூசட்டும் என்றேன். கொத்தனார் முகம் சுண்டியது. அவள் பூசி முடித்த பிறகு அவரே கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இந்த வருடம் இறுதியாண்டு மாணவிகளிடம், பிறந்த வீட்டை வரைந்து எந்த இடம் யாருக்கு என்று எழுதி வரச் சொன்னேன். அண்ணனுக்கு மாடி, தம்பிக்குக் கீழ் என்று எழுதி வந்தார்கள். ஒருத்தி பெயரே எழுதாமல் படத்தை மட்டும் நீட்டினாள்.

"கேட்டாலே சண்டை வரும் மேடம்."

"கேக்க வேண்டாம். இப்போதைக்கு அளந்துட்டு மட்டும் வா."

அடுத்த வாரம் வந்து, பதினாறரை அடி என்றாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அவள் அம்மாவாம்.