கீரையும் புற்றுநோயும்: தலைப்புகள் சொல்லாதவை

‘கீரை உண்டால் புற்றுநோய் வராது’ என்ற தொனியில் அமைந்த செய்தித் தலைப்புகளை நாம் பல தடவைகள் வாசித்திருக்கிறோம். பல்லாண்டுகள் பத்திரிகைத் துறையில் பணியாற்றியவன் என்ற வகையில், இத்தகைய தலைப்புகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை நான் அறிவேன். ஆய்வாளர் ‘அபாயத்தைச் சற்றுக் குறைக்கக்கூடும்’ என்று எழுதுகிறார். செய்தியில் அது ‘குறைக்கும்’ என்றாகிறது. தலைப்புக்கு இடம் போதாதபோது ‘தடுக்கும்’ என்று சுருங்கிவிடுகிறது. ஆய்வாளர் எழுதிய ‘கூடும்’ வாசகரை வந்தடைவதேயில்லை.

இந்த நம்பிக்கை வெறுமனே முளைத்ததன்று. அமெரிக்காவில் நிகழும் புற்றுநோய் மரணங்களில் ஏறத்தாழ 35 சதவீதமானவை உணவுடன் தொடர்புடையவையாக இருக்கலாம் என 1981இல் ரிச்சர்ட் டொல், ரிச்சர்ட் பீட்டோ ஆகிய பிரித்தானிய அறிஞர்கள் மதிப்பிட்டனர். அது 10 சதவீதமாகவும் இருக்கலாம், 70 சதவீதமாகவும் இருக்கலாம் என்று அவர்களே எச்சரித்திருந்தனர். மரக்கறியும் கீரையும் அதிகம் உண்பவர்களிடையே சில வகைப் புற்றுநோய்கள் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் தெரிவித்தன. அந்த நன்மைக்குக் காரணம் பீட்டா கரோட்டீன் என்ற நிறப்பொருளாக இருக்கலாமெனக் கருதப்பட்டது. கரட்டுக்குச் செம்மஞ்சள் நிறத்தைத் தரும் அப்பொருள், கீரையில் பச்சை நிறத்தின் கீழ் மறைந்திருக்கிறது.

அப்பொருளை மட்டும் மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. 1994இல் வெளியான முடிவு எவரும் எதிர்பாராதது. பீட்டா கரோட்டீன் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் புகைபிடிப்போர், முன்பு புகைபிடித்தோர், அஸ்பெஸ்டஸ் தொழிலாளர் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டீனும் விற்றமின் ஏயும் சேர்த்துச் சோதிக்கப்பட்டன. அங்கு நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகரித்தமையால், 1996இல் அச்சோதனை உரிய காலத்திற்கு முன்னரே நிறுத்தப்பட்டது.

ஓர் இலையில் கரோட்டீன் மட்டும் இருப்பதில்லை. போலேற்று, விற்றமின் சி, லூட்டீன், நார்ப்பொருள் முதலிய பலவும் சிறு அளவுகளில் கலந்திருக்கின்றன. கீரையை விரும்பி உண்பவர்கள் பெரும்பாலும் குறைவாகப் புகைப்பவர்களாகவும் இருக்கிறார்கள். நன்மையில் எவ்வளவு கீரைக்குரியது, எவ்வளவு வாழ்க்கை முறைக்குரியது என்று பிரித்தறிவது எளிதன்று.

அந்த நன்மையின் அளவையும் பார்ப்போம். 1997இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் அறிக்கை, சில புற்றுநோய்களுக்கு எதிராக மரக்கறிகள் தரும் பாதுகாப்பை ‘உறுதியானது’ என்று வகைப்படுத்தியது. 2007ஆம் ஆண்டு அறிக்கையில் அது ‘பெரும்பாலும் இருக்கலாம்’ என்ற நிலைக்கு இறக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் பத்தில் 4 இலட்சத்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அவதானித்த ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. நாளாந்தம் மரக்கறியும் பழமும் 200 கிராம் கூடுதலாக உண்டவர்களிடையே புற்றுநோய் அபாயம் மொத்தத்தில் 3 முதல் 4 சதவீதமே குறைந்திருந்தது. ஒரு நாட்டின் சனத்தொகைக்கு இது சிறிய நன்மையன்று. ஆயினும், தனியொருவர் இதைக் கவசமாக அணிந்துகொள்ள முடியாது.

நமது நாட்டுக்கு வருவோம். இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோயே முதலிடம் வகிக்கிறது. புகையிலை, பாக்கு, மதுபானம் ஆகியவை அதன் முக்கிய காரணிகள். புகையிலை சேர்க்காத வெற்றிலை-பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் அறிவித்தது. இதை இன்னும் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒப்புநோக்காளர் ஒருவர் நாள் முழுவதும் வெற்றிலை போடுபவர். கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலம் தோன்றியபோது, யாரோ சொன்னார்கள் என்று கீரைச்சாறு அருந்தத் தொடங்கினார். ஐந்து மாதங்கள் அருந்தினார். வெற்றிலையை விடவில்லை, வைத்தியரிடமும் செல்லவில்லை. இறுதியில் சென்றபோது தாடையின் ஒரு பகுதியை அகற்ற வேண்டியதாயிற்று. பிறருடைய எழுத்துப் பிழைகளை வாழ்நாளெல்லாம் திருத்தியவரை, எவரோ சொன்ன ஒரு தவறான வாக்கியம் வீழ்த்திவிட்டது.

அப்படியானால் கீரை வேண்டாமா? நிச்சயமாக வேண்டும். மரக்கறியும் பழமுமாக நாளொன்றுக்கு 400 கிராமாவது உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இருதயத்துக்கும் குடலுக்கும் அது நல்லது. நமது அம்மாமார் முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூச் சேர்த்தது சுவைக்காகத்தான். எனினும் கரோட்டீன் கொழுப்பில் கரைவதால், தேங்காயின் கொழுப்பு அது உடலில் உறிஞ்சப்பட உதவுகிறது. கீரையை அவித்து நீரை வடித்துக் கொட்டினால் போலேற்றின் பெரும்பகுதி நீரோடு போய்விடும். வல்லாரைச் சம்பல்போலப் பச்சையாக உண்பவற்றை நன்றாகக் கழுவ வேண்டும். வாபரின் மாத்திரை எடுப்பவர்கள், கீரையிலுள்ள விற்றமின் கே காரணமாக, உண்ணும் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரக நோயாளர்கள் வைத்தியரிடம் கேட்டே உண்ண வேண்டும்.

ஒரு பிடி கீரையை உணவாகவே வாங்குவோம். வாயில் மூன்று வாரங்களாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புப் படலமோ தென்பட்டால், கீரைக்கடையைக் கடந்து வைத்தியசாலைக்குச் செல்வோம். ஆரம்பத்திலேயே கண்டறியப்படும் வாய்ப்புற்றுநோய் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது.