நந்தி மலையடியில் ஒரு துவர்ப்பு

செங்கல்பட்டுப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் பாலாற்றை எட்டிப் பார்ப்பது எனக்குச் சிறுவயதுப் பழக்கம். பெரும்பாலும் மணல்தான் தெரியும். அந்த ஆறு பிறக்கும் இடத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மார்ச் மாதம் மயிலாப்பூரிலிருந்து கிளம்பினேன். பெங்களூருக்கு ரயில், அங்கிருந்து வடக்கே கார். பாலாறும் தென்பெண்ணையும் நந்தி மலைப் பக்கம்தான் ஊற்றெடுக்கின்றன. ஆற்றைத் தேடிப் போன என்னை அடிவாரத்திலேயே பிடித்து நிறுத்தியது ஒரு திராட்சைத் தோட்டம்.

தொட்டபள்ளாபூர் அருகே இருக்கிறது குரோவர் தோட்டம். பிரான்ஸுக்கு அடிக்கடி போய்வந்த தொழிலதிபர் கன்வல் குரோவர் 1988இல் தொடங்கிய நிறுவனம். போர்தோவின் பேர்பெற்ற ஒயின் நிபுணர் மிஷெல் ரோலாண் பிறகு ஆலோசகராக வந்தார். கபர்னே சோவினோன், ஷிராஸ் என்ற இரண்டு கறுப்புத் திராட்சைகளையும் கலந்து, ஓக் பீப்பாயில் ஊறவைத்து, இங்கே எடுக்கும் ‘லா ரிசர்வ்’ நல்ல கனமான சிவப்பு ஒயின்.

கம்பம் ஊரின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்திருக்கிறேன். இங்கே பந்தல் இல்லை. கம்பி கட்டி, இடுப்புயரத்துக்கு வரிசை வரிசையாகக் கொடி. காய் பறித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு கொத்தை நீட்டி, “தோலோட மென்னு பாருங்க சார்” என்றார். நாவல்பழத்தைவிடச் சின்னப் பழம், உள்ளே பெரிய விதை. முதலில் நல்ல தித்திப்பு. தோலை மென்றதும் வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்ததுபோல நாக்கு இழுத்துப் பிடித்தது. இன்னொரு பழத்தை நசுக்கினேன். விரலில் வழிந்த சாற்றில் துளிச் சிவப்பு இல்லை. நிறம் முழுக்கத் தோலில்தான், துவர்ப்பும் அங்கே இருக்கிறது! அதனால்தான் சாற்றைத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். ஒயின்காரர்கள் டானின் என்று பெரிதாகப் பேசுவதை நம் அறுசுவைக் கணக்கு எப்போதோ துவர்ப்பு என்று பெயரிட்டு வைத்திருக்கிறது.

அந்தத் தோலுக்கு உயரம் துணை. தோட்டம் இருப்பது ஏறத்தாழ 920 மீட்டரில். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் சூடு குறையும். சென்னையோடு பார்த்தால் ஆறு டிகிரி. பகலில் சுள்ளென்ற வெயில் தோலில் நிறத்தை ஏற்றுகிறது. இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் காக்கிறது. விடியற்காலையில் நானே சால்வையைத் தேடினேன். இதைவிட உயரத்திலும் திராட்சை உண்டு: அர்ஜென்டினாவின் ஆண்டீஸ் மலைச்சரிவில், சால்தாவில், 3,000 மீட்டருக்கு மேலேயும் மால்பெக் என்ற கறுப்புத் திராட்சை பயிராகிறது.

என்னை மலைக்க வைத்தது வேறொன்று. ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். நம் மண்ணில் அதற்குத் தூக்கமே கிடையாது. அதனால் ஆண்டுக்கு இரண்டு கவாத்து: கோடையில் ஒன்று, மழை ஓயும்போது ஒன்று. இரண்டாவதற்குப் பிறகு வரும் காய்தான் ஒயினுக்கு. தூங்காத கொடிக்கு நாள் குறித்துக் கொடுப்பது கத்தரி பிடித்த கைகள்.

மாலையில் லா ரிசர்வ் ஒரு வாய் குடித்தேன். காலையில் மென்ற தோல் அப்படியே திரும்பி வந்து நாக்கில் உட்கார்ந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் தெற்கு மாடவீதியில் அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கினேன். வீட்டு வாசலிலேயே ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். கறுத்த தோலுக்குள்ளிருந்து வெளிர்ப்பச்சைச் சதை வந்தது.