186 டாலரும் ஒரு ராத்திரிப் பனியும்

செடி வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, ஆணியும் பெயிண்டும் கதவும் குழாயும் விற்கிற கடை வாசலில் இவர் காரை நிறுத்தியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திருச்சியில் எங்கள் தெருவுக்கு ரோஜாப் பதியனும் துளசியும் தள்ளுவண்டியில் வரும். பேரம் பேசி, ‘பூக்கலேன்னா உங்களைத்தான் பிடிப்பேன்’ என்று வண்டிக்காரரை மிரட்டி வாங்குவோம். இங்கே நியூஜெர்ஸியில் ஹோம் டிப்போ, லோவ்ஸ் என்று நாடு முழுக்கக் கிளை பரப்பிய ராட்சதக் கடைகள் இருக்கின்றன. வீடு கட்ட, இடிக்க, ஒட்ட, வெட்ட எல்லாச் சாமானும் அங்கே உண்டு. பக்கவாட்டில் செடிக்கென்று தனி முற்றம். இந்த மாதிரிக் கடைகளில் ஒன்றுக்குத்தான் போனோம். எது என்று எழுதப் போவதில்லை. அசடு வழிந்தது நான், கடையின் பெயர் எதற்கு?

ஏப்ரல் மாதம் மூன்றாவது சனிக்கிழமை அது. நவம்பரில் வந்து இறங்கியதிலிருந்து மொட்டை மரத்தையும் சாம்பல் வானத்தையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தது. இரண்டரை வயதுப் பிள்ளையோடு நாள் முழுக்க நாலு சுவருக்குள். உள்ளே நுழைந்தேனோ இல்லையோ, அடேயப்பா! சாமந்தி, பெட்டூனியா, ரோஜா என்று வரிசை வரிசையாகப் பூ! தக்காளிச் செடியில் பூ மட்டுமா, கோலி அளவு காயே தொங்குகிறது! பசித்தவள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி அள்ளினேன். தக்காளி ஆறு, கத்தரி நாலு, மிளகாய் நாலு, ஒரு தட்டு நிறையச் சாமந்தி, ஒரு ரோஜா, ஐந்து மூட்டை மண், ஒரு டப்பா உரம். வரியோடு பில் 186 டாலர். இவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் நட்டேன். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கையசைத்தார். நானும் பெருமையாகக் கையசைத்தேன்.

ஐந்தாம் நாள் ராத்திரி குளிர் 31 டிகிரிக்கு இறங்கியது. இங்கே ஃபாரன்ஹீட் கணக்கு. 32 என்றால் நம் கணக்கில் பூஜ்யம், தண்ணீர் உறையும் நிலை. காலையில் பின்கதவைத் திறந்தேன். வெந்நீரில் முக்கி எடுத்த கீரை மாதிரி தக்காளி, கத்தரி, மிளகாய், சாமந்தி எல்லாம் கறுத்துத் துவண்டு கிடந்தன. ரோஜா மட்டும் நின்றது. அதற்குக் குளிர் பழக்கம்.

அப்புறம்தான் பாட்டி வந்து சொன்னார்: “மதர்ஸ் டே கழிந்துதான் தக்காளி நடுவோம், கண்ணே!” அன்னையர் தினம், அதாவது மே மாதம் இரண்டாவது ஞாயிறு. இந்தப் பக்கம் ஏப்ரல் கடைசியிலும், சில வருஷம் மே முதல் பாதியிலும்கூடப் பனி வெள்ளையாகப் படியுமாம். கையசைத்த அன்றைக்கே வாய் திறந்து சொல்லியிருக்கக் கூடாதோ!

அப்படியானால் கடையில் ஏன் ஏப்ரலிலேயே வைக்கிறார்கள்? என்னைப் போல் வெயிலுக்கு ஏங்கிக் கிடப்பவர்கள் வாங்குவார்களே, அதனால்தான். அந்தச் செடிகள் கதகதப்பான கண்ணாடிக் குடிலில் தீனி போட்டு வளர்க்கப்பட்டவை. லாரியில் வந்து இறங்கும்போதுதான் வெளிக்காற்றையே முதல்முதலாகப் பார்க்கின்றன. இன்னொரு சேதியும் பிற்பாடு தெரிந்தது. அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் கடைச் சிப்பந்தியே இல்லை. செடி வளர்க்கும் கம்பெனியின் ஆள். பல பெரிய கடைகளில் இப்படித்தானாம். பில் போடும் இடத்தில் ‘பீப்’ என்று சத்தம் வருகிற வரை செடி வளர்த்தவருக்கே சொந்தம். நடுவில் செத்தால் நஷ்டம் அவருக்கு. பீப் சத்தத்துக்குப் பிறகு செத்தால் நமக்கு! கடைக்கு ஆணியும் ஒன்றுதான், செடியும் ஒன்றுதான். எப்போது நடலாம் என்று ஆணியில் எழுதியிருக்கிறதா என்ன?

பில்லை எடுத்துக்கொண்டு திரும்பக் கேட்கவும் போனேன். ‘ஒரு வருஷ உத்தரவாதம்’ என்று பலகை பார்த்த ஞாபகம். கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகவே சொன்னாள்: மரம், புதர், வருஷா வருஷம் துளிர்க்கும் செடி இவற்றுக்குத்தான் அந்த உத்தரவாதம், தக்காளி, சாமந்தி மாதிரி ஒரு பருவத்துச் செடிக்கு இல்லை. பலகையில் சின்ன எழுத்தில் அதுவும் இருந்தது. நான்தான் படிக்கவில்லை. விதி கடைக்குக் கடை மாறும், எந்தக் கடையானாலும் பில் வேண்டும். ரோஜாவின் பில்லை அன்றிலிருந்து அரிசி டப்பா மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இவர் கோபிக்கவில்லை. அதுதான் சங்கடம். ராத்திரி சாப்பிடும்போது, “மண்ணுல விதை போட்டா முளைக்கும்பாங்க. 186 டாலர் போட்டா என்ன முளைக்கும்னு பார்த்தாச்சு!” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன்.

ஆறு வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள் நான். ஒண்ணாம் தேதி சம்பளம் கையில் வரும். வேண்டியதை வாங்குவேன், யாரையும் கேட்டதில்லை. இங்கே நான் வந்திருப்பது கணவரைச் சார்ந்த விசா. இப்போதைக்கு வேலை பார்க்க எனக்கு அனுமதி இல்லை. பணமே இல்லை என்று சொன்னால் பொய். கார்டு கொடுத்திருக்கிறார், கணக்குக் கேட்டதில்லை. ஆனால் கார்டு வேறு, சொந்தக் காசு வேறு. உங்களுக்குத் தெரியாததா?

மே முதல் வாரம் என் மாமியார் ஊரிலிருந்து வந்தார். முசிறிப் பக்கம் கொல்லையில் கத்தரி, வெண்டை, அவரை எல்லாம் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். காலிப் பாத்தியைப் பார்த்தார், காய்ந்த குச்சிகளைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். நான் அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அட போம்மா! நான் உங்க மாமாவைக் கேக்காம ஒரு வண்டி எருவு இறக்கி, எட்டு ரூபாய்க்கு ஒரு மாசம் பேச்சு வாங்கியிருக்கேன். அப்புறம் கத்தரிக்காயை அக்கம்பக்கத்துல வித்து எட்டு ரூபாயையும் அவர் சட்டைப் பையிலேயே போட்டேன். வா, கடைக்குப் போவோம்” என்றார்.

அன்னையர் தினம் கழிந்த செவ்வாய்க்கிழமை போனோம். அத்தை கேட்ட முதல் கேள்வி, “கறிவேப்பிலை எங்க இருக்கு?” அங்கே ஏது கறிவேப்பிலை! அது எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துச் செடி. ஆரஞ்சுத் தோப்புகளையே அழிக்கிற ஒரு நோயைப் பரப்பும் குட்டிப் பூச்சிக்குக் கறிவேப்பிலை என்றால் கொள்ளைப் பிரியம். 2005-ல் ஃப்ளோரிடாவில் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் நோயும் பூச்சியும் உள்ள மாநிலங்களிலிருந்து கறிவேப்பிலைச் செடியை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் கூடாது. நம்மவர்கள் மளிகைக் கடையில் எப்போதாவது தொட்டியோடு விற்பார்கள். அதுதான் வழி.

அதற்கப்புறம் அத்தை செடி பொறுக்கிய அழகு இருக்கிறதே! நான் காய் தொங்கிய செடியை எடுத்தேன். பிடுங்கி வைத்துவிட்டார். “சின்னத் தொட்டியிலேயே காய் விட்டுருச்சுன்னா, மூச்சு முட்டி அவசரத்துல பெத்த பிள்ளை. பூ வைக்காத, குட்டையா, தண்டு தடிச்சதை எடு.” தொட்டியைக் கவிழ்த்து, விரலிடுக்கில் தண்டைப் பிடித்துக்கொண்டு வேரைப் பார்த்தார். வெள்ளை வேர் மண்ணோடு ஒட்டியிருந்தால் சரி. தொட்டிக்குள்ளேயே சும்மாடு மாதிரி சுற்றிச் சுற்றிக் கிடந்தால் வேண்டாம். ஒவ்வோர் இலையையும் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்: வெள்ளை ஈ, அசுவினி, புள்ளி. போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்க்க, எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்தப் பார்வை எவ்வளவு அவசியம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2009 கோடையில் இந்த வடகிழக்கு மாநிலங்களில் பெரிய கடைகளில் விற்ற தக்காளி நாற்றோடு ஒரு கருகல் நோய் தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய்தான்!

எட்டே செடி எடுத்தோம். பில் போடும் இடத்தில் நான் கார்டை எடுக்க, அத்தை சுருக்குப் பையை அவிழ்த்தார். ஊரில் மாற்றிக்கொண்டு வந்த டாலரில் இரண்டு இருபது. “இது என் காசு. செத்தாலும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்” என்றார். என்னால் பேச முடியவில்லை.

செடிகளை உடனே நடவும் விடவில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், மறுநாள் இரண்டு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் வெயில் என்று ஒரு வாரத்துக்கு மேல் காலையில் வெளியே, இருட்டினால் உள்ளே. பிறந்த குழந்தைக்கு வெயில் காட்டுகிற மாதிரிதான்.

மண்ணிலும் நான் ஏமாந்திருந்தேன். மூட்டை எல்லாம் ஒன்று என்று நினைத்து விலை குறைந்த ‘டாப் சாயில்’ வாங்கித் தொட்டியில் நிரப்பியிருந்தேன். அது தரையில் மேடு பள்ளம் நிரவத்தான் லாயக்கு. தொட்டியில் செங்கல்லாக இறுகிவிட்டது. ‘கார்டன் சாயில்’ பாத்தி மண்ணோடு கலக்க. தொட்டிக்கென்றால் ‘பாட்டிங் மிக்ஸ்’, தூக்கினால் லேசாக இருக்கும். உர டப்பாவில் மூன்று எண் போட்டிருக்கும். நம் ஊரில் 19-19-19 என்று விற்கிறார்களே, அதே கணக்குத்தான். தழை, மணி, சாம்பல் சத்து அந்த வரிசையில். ‘வீட் அண்ட் ஃபீட்’ என்ற மூட்டையைக் காய்கறிப் பக்கம் கொண்டுவராதீர்கள். அது புல்வெளிக்கானது, களைக்கொல்லி கலந்தது. தக்காளிக்கு அது ஆகவே ஆகாது.

உரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அருகில் வந்து வாயைத் திறந்து காட்டுகிறான், நாக்கில் ஜவ்வரிசி மாதிரி மூன்று மணி! உர டப்பாவைத் தாழ்வாரத்தில் தரையிலேயே வைத்திருந்தேன். அது மெல்லக் கரைகிற உர மணி. எனக்குக் கை கால் ஓடவில்லை. அத்தைதான் விரலைத் துணியில் சுற்றி வாயைத் துடைத்தெடுத்தார். நான் விஷத் தடுப்பு மையத்துக்குப் போன் செய்தேன். எண் 1-800-222-1222. அமெரிக்காவில் எங்கிருந்தும் இலவசம், ராத்திரி பகல் எப்போதும் ஆள் உண்டு. டப்பாவில் இருந்ததைப் படிக்கச் சொன்னார்கள். பிள்ளையின் எடை கேட்டார்கள். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்று கவனியுங்கள் என்றார்கள். சாயங்காலம் அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, தெய்வாதீனம்.

அதே அலமாரியில் நத்தை மருந்தும் இருந்தது. மெட்டால்டிஹைடு என்ற விஷம் கலந்தது. உருண்டை உருண்டையாகக் குழந்தை கண்ணுக்குப் பண்டமாகத் தெரியும். அதை அவன் எடுத்திருந்தால்? அன்றே அப்புறப்படுத்தினேன். பூச்சி மருந்து லேபிளில் இங்கே மூன்று சொல் உண்டு: ‘காஷன்’ என்றால் விஷம் குறைவு, ‘வார்னிங்’ நடுத்தரம், ‘டேஞ்சர்’ கடுமை. நம் ஊர் டப்பாவில் சாய்சதுரத்துக்குள் முக்கோணம் போட்டிருக்கும். சிவப்பு அதிக விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை. குறைந்தது என்றாலும் விஷம் விஷம்தான். இப்போது எல்லாம் பூட்டின அலமாரியில், என் தலைக்கு மேல் உயரத்தில்.

ஜூலைக் கடைசியில் முதல் தக்காளி. ஆகஸ்டில் வீட்டில் வைக்க இடமில்லை. காலண்டருக்குப் பின்னால் அத்தை எண்ணி எண்ணிக் கோடு போட்டார். இவர் பை பையாக ஆபீசுக்கு எடுத்துப் போய்க் கொடுத்து, “என் வொய்ஃப் தோட்டம்” என்று சொன்னாராம். அத்தை தோட்டம் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்! அத்தையிடம் சொன்னேன். “சொல்லட்டும் விடு” என்று கத்தரிக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

இந்த வருஷம் ஏப்ரலில் அந்தக் கடை வழியாக வந்துகொண்டிருந்தோம். முற்றம் முழுக்கப் பூ. இவர் காரைத் திருப்பப் பார்த்தார். “இன்னும் நாலு வாரம் இருக்கு” என்றேன். பெயிண்ட் பிரஷ் ஒன்று வேண்டும் என்று இறங்கிப் போனவர், முதுகுக்குப் பின்னால் ஒரு தக்காளிச் செடியை மறைத்துக்கொண்டு வந்தார். பூ வைத்த செடி!

அது இப்போது சமையலறை ஜன்னலில் இருக்கிறது. காலையில் ஆபீசுக்குப் போகுமுன் வெளியே வைத்து, இருட்டும்முன் உள்ளே எடுக்கிற வேலையை அவரிடமே கொடுத்துவிட்டேன்.