ரப்பர் பேண்ட் யார் கையில்?

போன செமஸ்டரில் ஆட்டிசம் பற்றி ஒரு செமினார் எடுத்தேன். பத்து ஸ்லைடு. வழக்கம்போல முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து ஒப்பேற்றியதுதான். (நம்ம கிளாஸ் மக்களுக்கு ஞாபகம் இருக்காது, பாதிப் பேர் தூங்கிட்டீங்க. பரவாயில்லை, மன்னிச்சாச்சு.)

நாலாவது ஸ்லைடில் ஒரு வரி போட்டிருந்தேன். "இவர்களுக்கு நகைச்சுவை புரியாது. நட்பு வைத்துக்கொள்ளத் தெரியாது." 1943ல் லியோ கானர் என்ற டாக்டர் எழுதிய கட்டுரை, அதில் வரும் 11 குழந்தைகள், முதல் கேஸாக வரும் டொனால்ட் என்ற பையன், எல்லாம் சொல்லி முடித்துவிட்டு உட்காரப் போனேன். மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"அந்த டொனால்ட் பெரியவனாகி என்ன ஆனான்?"

முழித்தேன். அப்படி ஒரு கேள்வி இருக்குன்னே தோணியதில்லை. யோசித்துப் பாருங்க, ஆட்டிசம்னா நம்ம மனசில் வருவது எப்பவும் ஒரு சின்னப் பையன் படம்தான். ஏதோ பதினெட்டு வயசானதும் எல்லாரும் காணாமல் போய்விடுகிற மாதிரி. அவங்களும் வளர்வாங்க, வேலைக்குப் போவாங்க, தலை நரைக்கும், ரிட்டயர் ஆவாங்க, சக வயசுக்காரர்களோடு உட்கார்ந்து வெட்டி அரட்டை அடிப்பாங்க என்பதெல்லாம் எந்த ஸ்லைடிலும் இல்லை.

அன்னிக்கு ராத்திரி தேடிப் படிக்க ஆரம்பித்தது, இன்னும் நிக்கலை.

டொனால்ட் ட்ரிப்லெட் 1933ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பெயர்தான் ஃபாரஸ்ட், ஊர்தான். மூணு வயசில் அவரை ஒரு விடுதியில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள், விட்டார்கள். சுமார் ஒரு வருஷத்தில் பெற்றோர் மனசு கேட்காமல் திரும்பக் கூட்டி வந்துவிட்டார்கள். அப்பா வக்கீல். பையனைப் பற்றி 33 பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி கானருக்கு அனுப்பினார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

சரி, பெரியவனாகி என்ன ஆனார்? கல்லூரியில் பிரெஞ்சு படித்து 1958ல் பட்டம் வாங்கினார். உள்ளூர் பேங்கில் வேலை, கிட்டத்தட்ட 65 வருஷம். 27 வயசில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். தன்னந்தனியாக உலகம் சுற்றினார். காலையில் நண்பர்களோடு காபி, சாயங்காலம் கோல்ஃப். 2023 ஜூன் மாதம், 89 வயசில் இறந்தார்.

என்னை அசைத்தது இதெல்லாம் இல்லை. ரெண்டு சின்ன விஷயங்கள்.

ஒண்ணு, ரப்பர் பேண்ட். பேங்கில் கூட வேலை பார்ப்பவர்கள் மேல் டொனால்ட் ரப்பர் பேண்ட் அடிப்பார். சத்தமில்லாமல் பின்னால் வந்து, விட்டு, நகர்ந்துவிடுவார். யார் மேல் பிரியமோ அவர் மேல்தான் அடி விழும். இன்னொண்ணு, நம்பர். பழகியவர்களுக்கு மனசுக்குள் ஆளுக்கு ஒரு எண் கொடுத்து வைத்திருப்பார். பல வருஷம் கழித்துப் பார்த்தாலும் அந்த எண் மறக்காது. வாங்கியவர்களும் அதைப் பட்டம் மாதிரி பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

நாலாவது ஸ்லைடை நினைத்துப் பார்த்தேன். நகைச்சுவை புரியாதாம். அந்த மனுஷன் வாழ்க்கை முழுக்க ஒரு ஊரையே கலாய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

2010ல் ஜான் டோன்வன், கேரன் ஸக்கர் என்ற ரெண்டு பத்திரிகையாளர்கள் அவரைத் தேடி அந்த ஊருக்குப் போய் எழுதினார்கள். ஊரில் சிலர் மிரட்டினார்களாம், நீங்க எழுதுவதால் டொனால்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களைச் சும்மா விடமாட்டோம் என்கிற தோரணையில். இதுதான் ஆதரவு. கருத்தரங்கு இல்லை, பேனர் இல்லை. ரப்பர் பேண்ட் அடி வாங்கியவர்கள் எல்லாம் சேர்ந்து நிற்கிறார்கள்.

இதை ரொம்ப இனிப்பாகவும் எடுத்துக்கக் கூடாது. அந்த பேங்க் அவருடைய அம்மா வழிக் குடும்பத்தோடது. வசதியான வெள்ளைக்காரக் குடும்பம். அதே மிசிசிப்பியில் அதே வருஷத்தில் ஒரு ஏழைக் கறுப்பினப் பையன் இப்படிப் பிறந்திருந்தால் ஊர் இப்படித்தான் நடந்திருக்குமா? நம்ப முடியலை.

டொனால்டுக்கு ஒரு ஊர் கிடைத்தது. ஊர் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்?

இன்னிக்கு அறுபது வயசுக்கு மேல் இருப்பவர்கள் குழந்தையாக இருந்தபோது இந்த வார்த்தையே டாக்டர்கள் பலருக்குத் தெரியாது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஆட்டிசம் தனி நோயறிதலாக வந்தது 1980ல். நன்றாகப் பேசக்கூடிய, படிக்கக்கூடியவர்களையும் கணக்கில் எடுத்த ஆஸ்பெர்கர் என்ற பெயர் அதில் ஏறியது 1994ல், 2013ல் அதையும் எடுத்து ஆட்டிசத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் நாற்பதிலும் ஐம்பதிலும் அறுபதிலும்தான் பலருக்குத் தெரியவந்தது. அதுவரைக்கும் "திமிர் பிடிச்சவன்", "உம்மணாமூஞ்சி", "வித்தியாசமான கேஸ்" என்ற பட்டங்களோடு காலம் தள்ளியவர்கள்.

இவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடித்த கதைதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. 1992ல் ஜிம் சின்க்ளேர், டோனா வில்லியம்ஸ், கேத்தி கிராண்ட் என்ற மூணு பேர் சேர்ந்து ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மூணு பேருக்குமே ஆட்டிசம். பெற்றோர் நடத்துவதோ டாக்டர் நடத்துவதோ இல்லை, இவர்களே நடத்துவது. 1996லிருந்து ஆட்ரீட் என்று வருஷா வருஷம் ஒரு கூடல் நடத்தினார்கள்.

அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. கழுத்தில் கலர் அட்டை. சிவப்பு என்றால் இப்போ யாரும் என்னிடம் பேச வேண்டாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் வரலாம். பச்சை என்றால் எனக்குப் பேச ஆசை, ஆனா ஆரம்பிக்கத் தெரியலை, தயவுசெய்து நீங்களே வந்து பேசுங்க.

அந்தப் பச்சை அட்டையைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பேசாமல் ஓரமாக நிற்பவனைப் பார்த்தால் நாம் என்ன முடிவுக்கு வருவோம்? அவனுக்கு யாரும் வேண்டாம் என்று. அவன் கழுத்தில் தொங்குவது பச்சையாகவும் இருக்கலாம் இல்லையா?

இவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் ஜோக்குகளும் தனி ரகம். 1998ல் ஆட்டிசம் உள்ள ஒருத்தர் ஒரு டுபாக்கூர் ஆராய்ச்சி நிறுவனத்தையே தொடங்கினார். ஆராய்ச்சி யாரைப் பற்றி? நம்மைப் பற்றி. அதாவது "நார்மல்" ஆட்களைப் பற்றி. எப்பப் பார்த்தாலும் யாரோடாவது ஒட்டிக்கொண்டிருப்பது, கூட்டத்தோடு கோவிந்தா போடுவது, தான்தான் உசத்தி என்று நினைத்துக்கொள்வது, இதெல்லாம் ஒரு மூளைக் கோளாறு, பாவம், இன்னும் மருந்து கண்டுபிடிக்கலை என்கிற பாணியில் டாக்டர் தமிழ் மாதிரி டாக்டர் இங்கிலீஷில் எழுதிய பகடி. படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது, என் பத்து ஸ்லைடும் அதே நடையில்தான் இருந்தது.

வயசான ஆட்டிசக்காரர்கள் எழுதியதைப் படித்தால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும் (நானே போட்ட மாதிரி இது, யாருடைய பேச்சும் இல்லை):

"போன் அடித்தது."
"எடுத்தீங்களா?"
"இல்லை. நிற்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்."
"சரியான முறை."

ஆதரவும் இதே மாதிரி வறட்டுத்தனமாகத்தான் வரும். ஒருத்தர் கஷ்டம் என்று சொன்னால் "எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்று யாரும் தடவிக் கொடுப்பதில்லை. ஒண்ணு, உருப்படியாக ஒரு யோசனை வரும். டாக்டரிடம் போகும்போது சொல்ல வேண்டியதை எழுதி எடுத்துப் போங்க, கூட்டம் இல்லாத நேரத்தில் கடைக்குப் போங்க, காதில் அடைப்பான் வைத்துக்கோங்க என்று. இல்லாவிட்டால் "எனக்கும் இப்படி ஆச்சு" என்று தன் கதையை ஆரம்பிப்பார்கள். நமக்குப் பார்த்தால், என்னடா இவன் கஷ்டத்தைச் சொன்னா அவன் சொந்தக் கதை பேசுறான்னு தோணும். அவர்களுக்குள் அதற்கு அர்த்தம் வேறு. நீ தனியா இல்லை, இதோ ஆதாரம்.

2012ல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் (அவருக்கும் ஆட்டிசம்) இதைத்தான் டபுள் எம்பதி பிராப்ளம் என்று எழுதினார். அவர்களுக்கு நம்மைப் புரிந்துகொள்வது கஷ்டம் என்றால் நமக்கும் அவர்களைப் புரிந்துகொள்வது அதே அளவு கஷ்டம், பழியை ஒரே பக்கம் போடாதீங்க என்பது சாரம். 2020ல் எடின்பரோவில் ஒரு சோதனை செய்தார்கள். எட்டு எட்டு பேராக வரிசை கட்டி, ஒரு கதையைக் காதோடு காதாகக் கடத்துவது. நம்ம ஊர் ரகசியம் சொல்லும் விளையாட்டேதான். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை மற்றவர்கள் வரிசைக்குச் சமமாகச் செய்தது. கலந்த வரிசையில்தான் கதை நிறையச் சிந்தியது. 2025ல் 311 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது கலந்த வரிசையிலும் அந்தக் குறை தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் அவர்களுக்குப் பேசத் தெரியாது என்பது நிற்கவில்லை.

நிற்க. இவ்வளவு நேரம் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

டொனால்ட் ஸ்கூலில் படிக்கும்போது நடந்த கதை ஒண்ணு ஊரில் ரொம்பப் பிரபலம். பசங்க அவரிடம் ஸ்கூல் கட்டடத்தைக் காட்டி எத்தனை செங்கல் என்று கேட்டார்களாம். ஒரு பார்வை பார்த்துவிட்டு டக்கென்று ஒரு எண்ணைச் சொன்னார். மேதை என்று ஊரெல்லாம் பேச்சு. பல வருஷம் கழித்து அந்தப் பத்திரிகையாளர்கள் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டார். எண்ணவே இல்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அந்தப் பசங்க என்னை நல்லவிதமாக நினைக்கணும் என்று ஆசை, அவ்வளவுதான் என்று.

இதைப் படித்தபோது எனக்கு முதலாம் ஆண்டு ஹாஸ்டல் மெஸ் ஞாபகம் வந்தது. எங்க டேபிளில் ஒருத்தன் உண்டு. பெயர் வேண்டாம். அவனுக்கு என்ன, ஏது என்று எனக்குத் தெரியாது, பெயர் ஒட்டுவது என் வேலையும் இல்லை. ரயில் டைம் டேபிள் அத்தனையும் தலைகீழாகச் சொல்வான். தினமும் ராத்திரி அவனிடம் ரயில் கேட்பதுதான் எங்க பொழுதுபோக்கு. ஒருநாள் நான் கேட்டேன், "கொல்லிமலை எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்குடா?" அப்படி ஒரு வண்டியே கிடையாது. அவன் ஒரு நிமிஷம் யோசித்து, "ஒன்பது இருபது. நாமக்கல்ல ரெண்டு நிமிஷம் நிக்கும்" என்றான். டேபிளே வெடித்துச் சிரித்தது. ஒரு வாரம் அவனைக் கொல்லிமலை என்றே கூப்பிட்டோம். அப்புறம் அவன் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட வருவான். அடுத்த வருஷம் வெளியே ரூம் எடுத்துப் போய்விட்டான்.

அதை நாங்க ஜாலி என்றுதான் நினைத்தோம். கலாய்க்கிறதில் என்ன தப்பு, நண்பர்கள்தானே என்று. டொனால்டும் கலாய்த்தார், ஆட்ரீட்டில் கூடியவர்களும் கலாய்த்துக்கொண்டார்கள். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். அங்கே ரப்பர் பேண்ட் அவர்கள் கையிலும் இருந்தது. எங்க டேபிளில் அவன் கையில் இல்லை.

போன மாதம் லைப்ரரி வாசலில் அவனைப் பிடித்தேன். திக்கித் திணறி ஸாரி சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், பேக் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னான்.

"அப்படி வண்டி இல்லேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். இல்லேன்னு சொன்னா நீங்க கேக்கறதை நிறுத்திருவீங்க."

என்னிடம் பதில் இல்லை. ரெண்டு பேரும் டீ குடித்தோம். அவன் பாட்டுக்குப் புது டைம் டேபிள் பற்றி முக்கால் மணி நேரம் பேசினான். இந்த முறை கேட்டேன். சுவாரஸ்யமாகத்தான் இருந்தது.

முந்தா நாள் அவனிடமிருந்து ஒரு மெசேஜ். வணக்கமில்லை, நலமா இல்லை. "ஜவ்வாதுமலை சூப்பர்ஃபாஸ்ட் எத்தனை மணிக்கு?"

அஞ்சு நிமிஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அடித்தேன். "அஞ்சே முக்கால். மூணாவது பிளாட்பாரம்."

"இன்னிக்கு நாப்பது நிமிஷம் லேட்" என்று பதில் வந்தது.