சேரப்பணஞ்சேரித் திருப்பம்

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத்திற்கு ஒரு நிக்காஹிற்காகப் புறப்பட்டோம். பயண துஆவை ஓதிவிட்டு நான் வண்டியை எடுத்தேன். பின்னால் தாயாரும் மனைவியும் அமர்ந்திருந்தனர். படப்பையைக் கடந்தால் சாலையின் முகமே மாறிவிடுகிறது. வயலும் ஏரியும் பின்வாங்க, ஆலைப் பேருந்துகளும் கண்டெய்னர் லாரிகளும் எதிரே வருகின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும், 2012-இல் டைம்லரின் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. அந்த ஒரகடத்திற்குச் சற்று முன்னால் உள்ள ஊர்தான் சேரப்பணஞ்சேரி.

அவ்வூரில் ஓர் உறவினரைப் பார்க்க வேண்டியிருந்ததால், நடுத்தடுப்பின் இடைவெளியில் வலப்புறம் திரும்பினேன். எதிரே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. தூரம் போதுமென்று எண்ணி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி நகரவில்லை, நிற்கவுமில்லை. ஒரு கணம் யோசிப்பதுபோல் தயங்கிவிட்டுப் பிறகே பாய்ந்தது. லாரியின் ஹாரன் ஒலி எங்களை உரசிக்கொண்டு போயிற்று. அதன் முதுகில் அடுக்கடுக்காய்ப் புத்தம் புதிய கார்கள்! அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் தாயாரின் கை நடுக்கம் நிற்க நெடுநேரமாயிற்று.

எங்களது கிளட்ச் மிதி இல்லாத கார். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இங்கே தேவையற்றது. சாலையோரப் பட்டறையில் இருந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார்.

"பாய், இது முழு ஆட்டோமேடிக் இல்லை. உள்ளே இருப்பது பழைய கியர் பெட்டிதான். உங்கள் கால் செய்த கிளட்ச் வேலையையும் கை செய்த கியர் வேலையையும் இப்போது ஒரு கருவி செய்கிறது."

ஏ.எம்.டி. என்று இதைச் சொல்கிறார்கள். 2014-இல் மாருதி செலேரியோ மூலம் நம் நாட்டுக் கார்களில் பரவத் தொடங்கியது. கியர் மாறும்போது கிளட்ச் விலக வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சினின் விசை சக்கரத்திற்குப் போகாது. நான் வேகத்தைக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல், உயர்ந்த கியரில் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். திடீரென மிதித்தவுடன் வண்டி முதலில் கியரை இறக்கியாக வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நெருங்கிவிடும்!

இதைக் கேட்டபோது அல்ஜஸரீ நினைவுக்கு வந்தார். 1206-இல் அவர் எழுதி முடித்த இயந்திர நூலில் நீரிறைக்கும் பொறியொன்று உண்டு. அதன் சக்கரத்தில் ஒரு பகுதியில் மட்டுமே பற்கள் இருக்கும். பற்கள் பற்றும்போது அகப்பை உயரும். பல்லில்லாத பகுதி வந்ததும் விசை விடுபட்டுத் தாழும். அங்கே அந்த இடைவெளியால்தான் வேலை நடந்தது. நமக்கோ அது நடுச்சாலையில் வாய்த்தது.

பட்டறைக்காரர் அத்துடன் விடவில்லை. "முன்பும் இப்படித் தயங்கியதா, அல்லது இப்போதுதான் கூடியிருக்கிறதா?" என்று கேட்டார். கூடியிருக்கிறது என்றேன். இக்காலத்து ஆக்ஸிலேட்டரில் கம்பி கிடையாது. மிதியின் அளவை ஒரு சென்சார் கணினிக்குச் சொல்ல, ஒரு சிறு மோட்டார் எஞ்சினுக்குக் காற்று செல்லும் திராட்டில் தகட்டைத் திறக்கிறது. அவர் குழாயைக் கழற்றிக் காட்டினார். தகட்டின் விளிம்பெல்லாம் கரி! அதற்குரிய திரவத்தை மென்துணியில் நனைத்துத் துடைத்தார். பின்பு கணினிக்குத் தகட்டின் நிலையை மீண்டும் பழக்கினார். கரி போனால் அந்தக் கூடுதல் தயக்கம் குறையும், கியர் மாறும் தயக்கம் இருந்தே தீரும் என்றும் எச்சரித்தார். திரும்புமுன் வண்டியை முழுமையாக நிறுத்தினால் அது முதல் கியருக்கு வந்துவிடும். முந்திச் செல்ல வேண்டுமானால் லீவரை மேனுவலுக்குத் தள்ளி முன்கூட்டியே கியரை இறக்கிக்கொள்ளலாம். மேட்டில் ஆக்ஸிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தக் கூடாது; கிளட்ச் தேய்ந்துவிடும், பிரேக்கே போதும். வண்டியை வாங்கிய நாளிலேயே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். விற்பவர்கள் 'கால் வலிக்காது' என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

நிக்காஹ் முடிந்து திரும்பும் வழியில், உறவினர் வீட்டில் விட்டுவந்த பையை எடுத்துக்கொண்டு அஸருக்குப் பின் அதே இடைவெளிக்கு வந்தோம். ஆலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மூன்றையும் போக விட்டேன்.

"வண்டி மறுபடி நின்றுவிட்டதா?" என்றார் தாயார் பின்னாலிருந்து.

"இல்லை உம்மா, நான்தான் நிறுத்தியிருக்கிறேன்."