உயரம் வேண்டாம் மாப்ளே

ஜீப் வைத்திருப்பவனுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது. டீக்கடை வாசலில் நிறுத்தினால் போதும். "டயர் சின்னதா இருக்குதுங்களே, 31 இஞ்ச் போட்டா அம்சமா இருக்குமுங்க" என்பார் ஒருவர். "ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டா நல்லாத் தூக்குமுங்க" என்பார் பக்கத்தில் நிற்பவர். காரில் வந்து இறங்குகிறவரிடம் யாரும் இப்படிப் பேச்சுக் கொடுப்பதில்லை. ஜீப் என்றால் மட்டும் ஊரே பங்காளியாகிவிடுகிறது.

என்னுடையது மஹிந்திரா எம்எம் 540. பெஜோ வழியில் வந்த 2112 சிசி டீசல் இன்ஜின். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் நிற்கும். ஒன்று முன்சக்கரங்களையும் இழுவைக்குச் சேர்த்துக்கொள்ள, மற்றது லோ கியருக்கு. லோவில் போட்டால் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும், வேகம் அதே கணக்கில் குறையும். 1940-களின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கிய கம்பெனி, அந்த அடிப்படை அமைப்பை விட்டு வெகுதூரம் விலகாமலே பல பத்தாண்டுகள் ஜீப் செய்தது. அதனால் எங்கள் கோயம்புத்தூர் லேத் பட்டறைகளுக்கு இந்த வண்டியில் தெரியாத ரகசியம் எதுவும் இல்லை. உடைந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதைவிடக் கொஞ்சம் கனமாகவே செய்து கொடுத்துவிடுவார்கள்.

அப்படி ஒரு பட்டறை கணபதியில் வைத்திருக்கிறான் என் நண்பன். இன்னொருவர் சங்ககிரியில் லாரி வேலை கற்றவர், எங்களைவிட மூத்தவர். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மேஸ்திரி அண்ணன்தான். மூன்றாமவன் பள்ளித் தோழன். வங்கியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவன், இரவில் ஆஸ்திரேலியாக்காரர்கள் பாலைவனத்தில் வண்டி ஓட்டும் வீடியோக்களைப் பார்க்கிறவன். அவனிடம் இருப்பது மாருதி ஜிப்ஸி. பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில், ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து வேலையை ஆரம்பிப்போம்.

முதல் ஆலோசனை வங்கிக்காரனுடையதுதான். "ஸ்பிரிங் ஓவர் பண்ணீரலாம் மாப்ளே." பழைய ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் கமான் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அதை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றி வைத்துவிட்டால் வண்டி ஒரேயடியாக ஐந்து அங்குலம் போல உயர்ந்துவிடும். புது ஸ்பிரிங் வாங்க வேண்டியதில்லை, வெல்டிங் கூலிதான் செலவு. தன் ஜிப்ஸிக்கு அவன் அதை வெளியூரில் ஒரு பட்டறையில் செய்து முடித்தே வந்திருந்தான். பார்க்க என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது.

மேஸ்திரி அண்ணன் எதுவும் பேசவில்லை. ஜிப்ஸியின் முன் பம்பரில் இரண்டு பேரை ஏறி நிற்கச் சொல்லி, "நல்லா அமுக்குங்கப்பா" என்றார். அவர்கள் அமுக்க அமுக்க, உள்ளே ஆளே இல்லாத ஸ்டீயரிங் வீல் தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. வண்டி உயர்ந்துவிட்டது, சக்கரத்துக்குப் போகும் ஸ்டீயரிங் ராடு பழைய இடத்திலேயே இருக்கிறது, அதனால் சாய்வு கூடிவிட்டது. சாலையில் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தன் இஷ்டத்துக்கு ஒதுங்கும் என்று அர்த்தம். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். பிரேக் ஹோஸ் விறைத்து நின்றது. சக்கரம் இன்னும் கொஞ்சம் தொங்கினால் அறுந்துவிடும். புரப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடியதால் ஜாயின்ட் கிராஸ் தேய ஆரம்பித்திருந்தது. லோ கியரில் ஏறும்போது பட்டை முறுக்கிக்கொள்ளும் என்றார். இத்தனையையும் சரிசெய்ய ஆகும் செலவைக் கூட்டினால், மலிவான வேலை என்ற பேச்சே நிற்காது.

அதற்குமேல் ஒன்று சொன்னார், அதுதான் விஷயமே. டேப்பை எடுத்துத் தரையிலிருந்து பின் ஆக்ஸில் நடுவில் தொங்கும் ஹவுசிங் உருண்டை வரை அளந்தார். "கமான்ல நீங்க எத்தன தூக்குனாலும் இந்த உருண்ட எங்கீங்க தம்பி போகும்? டயர்லதான அது நிக்குது?" உண்மைதான். கல்லில் முதலில் இடிப்பது அந்த உருண்டை. அதை உயர்த்த நடைமுறையில் ஒரே வழி பெரிய டயர். அதிலும் டயர் இரண்டு அங்குலம் உயர்ந்தால் உருண்டை ஒரு அங்குலம்தான் உயரும், மீதி ஒரு அங்குலம் மேல்பக்கம் மட்கார்டுக்குப் போய்விடும். வண்டியின் நடு வயிறு மேட்டில் தட்டாமல் இருக்கவும் பெரிய டயருக்கு இடம் கிடைக்கவும் இப்படித் தூக்கும் லிஃப்ட் உதவும், மறுக்கவில்லை. ஆனால் வண்டி உயர உயரப் பாரமும் மேலே போகிறது. பக்கச் சரிவில் கவிழ்வதற்கு அதுவே போதும்.

சந்தேகம் இருப்பவர்கள் ஒருமுறை சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போய்ப் பாருங்கள். கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, வண்டிப் பாதையோ கேரளத்துப் பக்கமிருந்துதான். பாதை என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். பாறையும் குழியுமாக ஏறும். விடியலுக்கு முன்னே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அதில் தினசரி போய்வருகிற ஜீப்புகளில் நான் பார்த்தவரை லிஃப்ட் கிட்டும் இல்லை, வின்ச்சும் இல்லை, கூரையில் விளக்கு வரிசையும் இல்லை. இருப்பது பட்டன் டயர், லோ கியர், எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று தெரிந்த டிரைவர்.

சட்டமும் மேஸ்திரி பக்கம்தான். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு மாறாகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி பம்பரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. பதினைந்து வருடம் தாண்டிய எங்கள் ஜீப்புகள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ முன்னால் போய் நிற்க வேண்டியவை. வண்டியைத் தூக்கி வைத்துவிட்டு அங்கே என்ன பதில் சொல்வது?

அதனால் என் வண்டியில் செய்தது பெரும்பாலும் வெளியே தெரியாத வேலை. அளவு மாற்றாமல் நல்ல பட்டன் டயர் போட்டோம். அடியில் தடித்த தகடு ஒன்றைப் போல்ட் போட்டு நிறுத்தினோம்.

பிறகு பிரீதர் வேலை. ஓடிச் சூடான ஆக்ஸில் ஹவுசிங் திடீரென்று ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய இடத்துக்கு, தேய்ந்த சீல் வழியாகவோ மேலே இருக்கும் சின்ன மூச்சுத் துளை வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது, வண்டி பாட்டுக்கு ஓடும். போன மழைக்காலத்துக்குப் பிறகு மேஸ்திரி அண்ணன் டிரெயின் போல்ட்டைக் கழற்றியபோது சாக்கின் மேல் வழிந்த ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தது. பேரிங்கும் க்ரௌன் பினியனும் அந்தக் காபியில்தான் சுற்றிக்கொண்டிருந்தன. லாரி ஏர் பிரேக்குக்குப் போடும் நைலான் பைப்பை வாங்கி, மூச்சுத் துளையிலிருந்து பானெட்டுக்குள் உயரமான இடம் வரை கொண்டுபோய்க் கட்டினோம். ஜீப்பில் செய்ததிலேயே செலவு குறைந்த வேலை அதுதான். இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க ஆயிரக்கணக்கில் கொடுத்து ஸ்நார்க்கெல் மாட்டுகிறவர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

அடுத்தது, சிக்கினால் இழுக்கக் கொக்கி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வெல்டிங் மட்டும் வைத்துவிடலாமா என்று கேட்டபோது லேத் நண்பன் முறைத்தான். சேசிஸின் இரு பக்கமும் தகடு கொடுத்து, குறுக்கே போல்ட் விட்டு இறுக்கினான். போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தான். எண் இல்லாததை எடுத்து ஓரமாக வீசினான்.

இந்தக் கொக்கிக்கு வேலை வர நாளாகவில்லை. தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நின்றன. நான்கு சக்கர இழுவை என்று பெயர்தான். சாதாரண டிஃபரன்ஷியல், சுலபமாகச் சுற்றுகிற சக்கரத்துக்கே சுழற்சியைக் கொடுக்கும். காற்றில் இருந்த இரண்டும் விர்ரென்று சுற்ற, தரையில் இருந்த இரண்டும் சும்மா நின்றன. இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்ற வைக்கும் லாக்கர் இருந்தால் ஏறியிருக்கும். அதன் விலை என் ஜீப்பின் மதிப்போடு போட்டி போடும். உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்துவிடும் குறுக்கு வழி ஒன்று உண்டு. தார்ச்சாலையில் திரும்பும்போது டயரைத் தேய்த்து ஆக்ஸிலை முறிக்கும் வேலை அது. "இடது கால்ல பிரேக்க லேசாத் தொட்டுக்கிட்டே ஆக்ஸிலேட்டர் குடுங்க தம்பி" என்றார் மேஸ்திரி அண்ணன். சுற்றுகிற சக்கரத்துக்குக் கொஞ்சம் தடை கிடைத்தால் மற்றதற்கும் இழுவை போகும். முக்கி முனகிக் கொஞ்சம் நகர்ந்தது, அதோடு சரி. கடைசியில் ஜிப்ஸிதான் பெல்ட் போட்டு இழுத்தது. அதற்குள் அதன் பட்டைகளை மேஸ்திரி அண்ணன் பழையபடி கீழே இறக்கியிருந்தார். வங்கிக்காரன் அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஜீப் வாங்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், லிஃப்ட் கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் நல்ல டயரும் நான்கு கொக்கியும் ஒரு பெல்ட்டும் வாங்குங்கள். காட்டிலாகா எல்லைக்குள் வண்டியை விடாதீர்கள், அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். இரண்டாவது வண்டி இல்லாமல் தனியாகக் கிளம்பாதீர்கள். பெல்ட்டை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது பிய்த்துக்கொண்டால் குண்டாகப் பறந்து ஆளைக் கொன்றுவிடும். வண்டியை இழுக்கும்போது வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைப் பெல்ட்டின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிறுத்தி வையுங்கள்.