ஊட்டக்கெ மொதலு

மைசூருக்கு மாற்றலாகி வந்த நம்மாட்களிடம் ஊர் எப்படி என்று கேட்டால் அரண்மனை, தசரா, மைசூர்பாக் என்று பட்டியல் நீளும். (சாம்பார்ல வெல்லம் போடுறாங்க என்ற புகாரும் கூடவே வரும்!) என் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: சரகூர் விவேகானந்தா நினைவு மருத்துவமனை.

1984-ல் மைசூர் மெடிக்கல் காலேஜ் மாணவர்கள் சிலர், ஆர். பாலசுப்ரமணியம் முன்நிற்க, ‘சுவாமி விவேகானந்தா யூத் மூவ்மென்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் செலவில் நேர்மையான வைத்தியம், இதுதான் நோக்கம். பிறகு இங்கிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி, எச்.டி. கோட்டே காட்டோரத்துக்குப் போனார்கள். அங்கே இருப்பவர்கள் ஜேனு குருபர், காடு குருபர் போன்ற பழங்குடிகள். ஜேனு என்றால் தேன். 1973-ல் பந்திப்பூர் புலிகள் காப்பகம் ஆனது, 1974-ல் கபினி அணை வந்தது. காட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தவர்கள் பலர். அவர்களுக்காக முதலில் கெஞ்சனஹள்ளியில் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி, அப்புறம் சரகூரில் பெரியது, ஹொசஹள்ளியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று வேலை வளர்ந்தது.

சரி, கட்டிடம் கட்டிவிட்டால் நோயாளி குணமாகி விடுவாரா? பேங்க்கில் இருக்கிற எங்களுக்கு இதற்குப் பதில் நன்றாகத் தெரியும். லோன் கொடுப்பது ஒரு நாள் வேலை. கடைசித் தவணை வரை பின்னாலேயே போவதுதான் வருஷக்கணக்கு வேலை. வைத்தியமும் அப்படித்தான். சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாசம் மருந்து. இரண்டு மாசத்தில் இருமல் நிற்கும், மருந்தும் நின்றுவிடும். பாதியில் விட்ட நோய், மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரும். சிக்கிள் செல் ரத்தசோகை இன்னொன்று. இந்தியாவில் அதை முதலில் கண்டுபிடித்தது 1952-ல், நம்ம நீலகிரிப் பழங்குடிகளிடம். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். வலி வந்த பிறகு பஸ் பிடித்து வரட்டும் என்று காத்திருக்க முடியாது. அதனால்தான் ஹாடி என்று சொல்லும் அவர்கள் குடியிருப்புகளுக்கே வண்டி போக வேண்டியிருக்கிறது. அந்த வண்டியில் அவர்கள் மொழி பேசுகிற, அவர்கள் நம்புகிற ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இதையே ஊர்கூடிச் செய்தார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண சேவை, பிறகு மலப்புரத்தில் அக்கம்பக்கத்துக்காரர்களின் இயக்கமாகவே ஆனது. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிப் போனார்கள். சின்னச் சின்ன நன்கொடைகளில் வண்டி ஓடியது. 2008-ல் மாநில அரசே இதற்கு ஒரு கொள்கை வகுத்தது.

இதில் நமக்கு என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது.

கூடலூர், தாளவாடிப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வைத்தியத்துக்கு மைசூருக்குத்தான் வருகிறார்கள். பந்திப்பூர் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள், கூடலூர்க்காரர்கள் அதற்குள் தாண்டியாக வேண்டும். சாயங்காலம் டிஸ்சார்ஜ் ஆனால் ஒரே ஓட்டம்தான், எதையும் நின்று கேட்க நேரம் இருக்காது. இங்கே ஓர் ஆஸ்பத்திரியில், பேங்க் லீவாக இருக்கும் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைகளில் தமிழ்க்காரர்களுக்கு மொழிபெயர்க்க உட்காருகிறேன். ஒரு நாள் கூடலூர்ப் பாட்டி ஒருவரிடம் நர்ஸம்மா மாத்திரையைக் காட்டி, “ஊட்டக்கெ மொதலு” என்றார். சாப்பாட்டுக்கு முன் என்று அர்த்தம். பாட்டி என்னிடம் திரும்பி, “சாப்பாடு மொதல்ல, அப்புறம் மாத்திரை... அதானே தம்பி?” என்றார். பக்கத்துப் பக்கத்து மொழிதான், அர்த்தம் தலைகீழ்! சர்க்கரைக்கான மாத்திரை அது. அட்டையில் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்து, இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். மொத்தம் மூன்று நிமிஷம்.

தொண்டுக்கும் ஓர் அளவு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து பற்றி நாமாக யோசனை சொல்லக் கூடாது. நோயாளியைப் போட்டோ எடுக்கக் கூடாது. இரண்டு வாரம் வந்துவிட்டு மூன்றாவது வாரம் காணாமல் போவதற்கு வராமலே இருக்கலாம், நம்மை நம்பி அங்கே ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். இன்னொன்று, தினமும் செய்தாக வேண்டிய வேலையைத் தொண்டு என்று பெயர் வைத்து ஓசியில் வாங்கக் கூடாது. 2005-ல் தொடங்கிய ஆஷா திட்டத்தில் வீடு வீடாக நடக்கிற பெண்களை அரசாங்கம் இன்னும் தன்னார்வலர் என்றுதான் சொல்கிறது. அவர்கள் சம்பளம் கேட்டுப் போராடுவது நியாயம்தான்.

புனேயோ துபாயோ, நீங்கள் இருக்கும் ஊர் ஆஸ்பத்திரியிலும் பாஷை புரியாமல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் நின்றுகொண்டிருப்பார். பிறந்தநாளுக்கு ஆப்பிள் கூடையோடு போவதற்கு முன்னால், ஒரு தடவை வெறுங்கையோடு போய் “என்ன உதவி வேணும்?” என்று கேட்டுப் பாருங்கள். ஆப்பிள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்!